குடும்ப வன்முறை சிறப்பு நீதிமன்றங்கள்: வழக்குக்கு முன்னும் பின்னும் எழும் கேள்விகள்

வீட்டுக்குள் நடந்த வன்முறைக்காக நீதிமன்றப் படியேறப் போகிறவர்களும், அவர்களோடு துணைக்குப் போகிற அம்மா, அக்கா, தோழிகளும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் எந்த நாட்டு நடைமுறை என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறேன். உங்கள் வழக்கில் அடுத்து என்ன செய்வது என்பதை உங்கள் வக்கீலிடமோ சட்ட உதவி மையத்திலோ கேளுங்கள்.

உங்கள் போனை வேறு யாராவது எடுத்துப் பார்ப்பார்கள் என்றால், இதை நம்பகமான ஒருவரின் போனில் படியுங்கள். இந்த நிமிடமே ஆபத்து என்றால் படிப்பதை நிறுத்திவிட்டு அவசர எண்ணுக்கு அழையுங்கள்.

சிறப்பு நீதிமன்றம் என்றால் தனிக் கட்டடமா?

பெரும்பாலும் இல்லை. இங்கிலாந்தில் 1999-ல் லீட்ஸ் நகரில் முதல் சிறப்பு நீதிமன்றம் தொடங்கியபோது புதிதாக எதையும் கட்டவில்லை. இருக்கிற மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே குடும்ப வன்முறை வழக்குகளை ஒன்றாகத் திரட்டி, குறிப்பிட்ட நாட்களில், அதற்கெனப் பயிற்சி பெற்றவர்கள் விசாரித்தார்கள். கனடாவில் வின்னிபெக் நகரம் 1990-லேயே இதைத் தொடங்கிவிட்டது. ஸ்பெயின் வேறு வழியில் போனது. 2004-ல் தனிச்சட்டம் இயற்றி, 2005 ஜூன் முதல் பெண்கள் மீதான வன்முறைக்கென்றே நீதிமன்றங்களை அமைத்தது.

வாசலில் என்ன பெயர்ப்பலகை தொங்குகிறது என்பது முக்கியமில்லை. நீதிபதியும் அரசு வழக்கறிஞரும் இந்த வகை வழக்குக்குப் பயிற்சி பெற்றவர்களா, பாதிக்கப்பட்டவருக்கென்று ஒரு துணையாளர் இருக்கிறாரா, போலீஸ், மருத்துவமனை, குழந்தைகள் நலத்துறை ஆகியவை கையில் வைத்திருக்கும் தகவல் ஓரிடத்தில் சேர்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் இல்லாத இடத்தைச் சிறப்பு நீதிமன்றம் என்று அழைப்பதில் அர்த்தமில்லை.

சாதாரணக் குற்றவியல் நீதிமன்றம் போதாதா?

தெருவில் முன்பின் தெரியாத ஒருவர் உங்களை அடித்துவிட்டால், புகார் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். குடும்ப வன்முறையில் அந்தக் கதவின் இன்னொரு சாவி அடித்தவரிடமே இருக்கிறது. வீட்டு வாடகை அவர் பெயரில் இருக்கும், வங்கிக் கணக்கு இருவருக்கும் பொதுவாக இருக்கும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவதும் அவராகவே இருக்கும். காலையில் கைதானவர் மாலையில் ஜாமீனில் வெளியே வந்து நேராக அந்த வீட்டுக்குத்தான் போவார், போகக் கூடாது என்று யாராவது உத்தரவு போட்டிருந்தால் தவிர.

அதோடு, சாதாரண நீதிமன்றம் ஒரு சம்பவத்தை மட்டுமே பார்க்கப் பழகியது. இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன காயம், அவ்வளவுதான். கன்னத்தில் ஓர் அறை என்று மட்டும் குற்றப்பத்திரிகையில் இருந்தால் அது சின்ன வழக்கு. அந்த அறைக்கு முன்னால் ஆறு வருடமாக அவள் சம்பளத்தைப் பிடுங்கி வைத்ததும், தாய்வீட்டுக்குப் போன் பேச விடாததும், கர்ப்பமாக இருந்தபோது பிடித்துத் தள்ளியதும் அந்தக் காகிதத்தில் இருக்காது. இந்த முழுக்கதையும் நீதிபதியின் கண்ணுக்கு வர வேண்டும் என்பதற்காகத்தான் தனி ஏற்பாடு.

உத்தரவுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது இன்னொரு சிக்கல். அவளை நெருங்கக் கூடாது என்று குற்றவியல் நீதிமன்றம் சொல்லும். சனிக்கிழமைதோறும் பிள்ளையை அவள் வீட்டு வாசலில் வந்து அழைத்துப் போகலாம் என்று குடும்ப நீதிமன்றம் சொல்லும். இரண்டு நீதிபதிகளுக்கும் மற்றவர் போட்ட உத்தரவு தெரியாது. நியூயார்க் மாநிலம் 2001 முதல் ஒருங்கிணைந்த குடும்ப வன்முறை நீதிமன்றங்களைத் தொடங்கியது இதைத் தீர்க்கத்தான். ஒரு குடும்பம், ஒரே நீதிபதி. குற்ற வழக்கு, விவாகரத்து, பிள்ளை யாரிடம் இருப்பது என எல்லாம் ஒருவர் மேசைக்கே வரும்.

புகார் கொடுத்த பிறகு என்னிடம் யார் பேசுவார்கள்?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும், குறிப்பாக ஆபத்து அதிகமான வழக்குகளில், குடும்ப வன்முறைக்கான சுயாதீன ஆலோசகர் ஒருவர் உங்களை அழைப்பார். இவர் போலீஸ்காரர் அல்ல, உங்கள் வக்கீலும் அல்ல. போலீஸ், நீதிமன்றம், வீட்டு வசதித் துறை என்று நீங்கள் தனித்தனியாக ஏறி இறங்க வேண்டிய இடங்களில் உங்களுக்காகப் பேசுவதே அவர் வேலை. இந்தியாவில் 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் பாதுகாப்பு அலுவலர் என்ற பதவியை உருவாக்கியது. மனு தயாரிப்பதிலும், சட்ட உதவி, தங்குமிடம், மருத்துவப் பரிசோதனை ஏற்பாடு செய்வதிலும் உதவ அவர் கடமைப்பட்டவர். அங்கே வழக்கைக் கேட்பது தனி நீதிமன்றம் அல்ல, மாஜிஸ்திரேட்தான்.

நல்ல துணையாளர் முதல் அழைப்பில் வழக்கைப் பற்றிப் பேச மாட்டார். "இப்போது தனியாக இருக்கிறீர்களா? பேசலாமா? திடீரென்று யாராவது வந்துவிட்டால் என்ன சொல்லி வைப்பீர்கள்?" என்றுதான் ஆரம்பிப்பார். உங்களை அழைக்க எந்த நேரம் பத்திரம், குறுஞ்செய்தி அனுப்பலாமா கூடாதா என்று கேட்டு எழுதிக்கொள்வார். பிறகுதான் மற்றதெல்லாம்.

இந்த அமைப்பு முழுவதிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தத் துணையாளர்தான். நீதிபதி உங்களைப் பார்ப்பது சில நிமிடங்கள். ஒரு வாய்தாவுக்கும் அடுத்த வாய்தாவுக்கும் நடுவே கழியும் வாரங்களில் உங்களோடு தொடர்பில் இருப்பவர் இவர் ஒருவர்தான்.

ஏதோ படிவம் வைத்துக்கொண்டு அந்தரங்கமான கேள்வியெல்லாம் கேட்கிறார்களே, எதற்கு?

அது ஆபத்தை அளக்கும் படிவம். அதில் உள்ள ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால், கொலையில் முடிந்த வழக்குகளைப் படித்துக் கற்ற பாடம் இருக்கிறது. கழுத்தை நெரித்திருக்கிறாரா? கொன்றுவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறாரா? வீட்டில் துப்பாக்கி உண்டா? நீங்கள் சமீபத்தில் பிரிந்தீர்களா, பிரியப் போவதாகச் சொன்னீர்களா? நீங்கள் கர்ப்பமா? போகும் இடமெல்லாம் பின்தொடர்கிறாரா?

கழுத்தை நெரித்ததைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பலர் அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், அல்லது "கழுத்தைப் பிடித்தார்" என்று மென்மையாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். வெளியே தழும்பு ஒன்றும் இருக்காது என்பதால் கேட்பவரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ஒருமுறை கழுத்தை நெரித்தவர் பின்னால் கொலை வரை போகும் ஆபத்து பல மடங்கு கூடுதல் என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குரல் கம்மியிருந்ததா, விழுங்கும்போது வலித்ததா, கண்ணில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தனவா, நினைவு தப்பியதா, அறியாமல் சிறுநீர் பிரிந்ததா என்பதையெல்லாம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். நாட்கள் சில கடந்திருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். உள்காயம் தாமதமாகவும் வெளிப்படும்.

ஆபத்து அதிகம் என்று தெரிந்தால், பல துறையினர் ஒரே மேசையில் உட்கார்ந்து அந்த ஒரு பெண்ணின் பாதுகாப்பைப் பற்றி மட்டும் பேசி முடிவெடுக்கும் கூட்டம் நடக்கும். 2003-ல் வேல்ஸின் கார்டிஃப் நகரில் தொடங்கிய இந்த முறை பிறகு பிரிட்டன் முழுவதும் பரவியது. போலீசுக்குத் தெரிந்தது மருத்துவமனைக்குத் தெரியாது, மருத்துவமனைக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்துக்குத் தெரியாது என்ற நிலைமையை உடைப்பதற்காகவே இது உருவானது. கூட்டத்துக்கு நீங்கள் போக மாட்டீர்கள், உங்கள் சார்பில் துணையாளர் போவார். குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கூட்டம் நடக்கும் செய்தியையே தெரிவிக்க மாட்டார்கள்.

பாதுகாப்பு ஆணை எத்தனை நாளில் கிடைக்கும்?

ஸ்பெயினில் மனு கொடுத்த 72 மணி நேரத்துக்குள் நீதிபதி முடிவு சொல்ல வேண்டும். பிரேசிலில் 2006-ல் வந்த மரியா தா பென்யா சட்டம் 48 மணி நேரம் என்கிறது. கணவனின் கொலை முயற்சியில் நடக்க முடியாமல் போய், நீதிக்காக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் போராடிய பெண்ணின் பெயர் அந்தச் சட்டத்துக்கு. இந்தியாவில் முதல் விசாரணையை வழக்கமாக மனு வந்த மூன்று நாட்களுக்குள் வைக்க வேண்டும், 60 நாட்களில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். முயல வேண்டும் என்ற அந்தச் சொல்லில்தான் பல மாதங்கள் கரைந்துவிடுகின்றன. அதனால் இடைக்கால ஆணையை முதல் நாளிலேயே கேளுங்கள். ஆபத்து தெளிவாக இருந்தால், எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே இடைக்கால ஆணை பிறப்பிக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு.

ஆணையில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். "தொந்தரவு செய்யக் கூடாது" என்று பொதுவாக எழுதினால் மீறலை நிரூபிப்பது கஷ்டம். வீடு, வேலை செய்யும் இடம், பிள்ளையின் பள்ளி என்று பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். போன், வாட்ஸ்அப், உறவினர் மூலம் தூது ஆகியவற்றையும் தனித்தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். மாமியார் போன் போட்டு "அவன் பேசச் சொன்னான்" என்பதும் தொடர்புதான்.

அது வெறும் காகிதம்தானே? காகிதம் கத்தியைத் தடுக்குமா?

தடுக்காது. ஆனால் மீறினால் போலீஸ் உடனே நடவடிக்கை எடுக்க அந்தக் காகிதம்தான் வழி செய்கிறது. இங்கிலாந்தில் தடை ஆணையை மீறினால் ஐந்து ஆண்டுகள் வரை சிறை கிடைக்கலாம். இந்தியாவில் பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஸ்பெயினில் 2009 முதல் மின்னணுக் கருவிகளும் பயன்பாட்டில் இருக்கின்றன. குற்றம் சாட்டப்பட்டவர் தடுக்கப்பட்ட எல்லைக்குள் வந்தால் கட்டுப்பாட்டு மையத்துக்கு எச்சரிக்கை போகும்.

சின்ன மீறல்களைச் சகித்துக்கொள்ளாதீர்கள். வாசலில் பூங்கொத்து வைத்துவிட்டுப் போவதும், தெருமுனையில் காரை நிறுத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதும் "இவ்வளவுதானே" என்று விடக்கூடியவை அல்ல. ஆணை உயிரோடு இருக்கிறதா என்று அவர் சோதித்துப் பார்க்கிறார். தேதி, நேரம், சாட்சி இருந்தால் பெயர், இவற்றைக் குறித்து வைத்துப் புகார் கொடுங்கள்.

அவர் முகத்தைப் பார்க்காமல் சாட்சி சொல்ல முடியுமா?

பல நாடுகளில் முடியும். இங்கிலாந்தில் சாட்சிக் கூண்டைச் சுற்றித் திரை போடுவார்கள். நீதிபதி உங்களைப் பார்க்க முடியும், குற்றம் சாட்டப்பட்டவரால் முடியாது. வேறோர் அறையிலிருந்து காணொலி வழியாகவும் பேசலாம். 2021-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, குடும்ப வன்முறையால் பாதிக்கப்பட்டவர்கள் குற்றவியல் நீதிமன்றத்தில் இந்த ஏற்பாடுகளுக்குத் தாமாகவே தகுதி பெறுகிறார்கள். அவ்வளவு பயமா என்று யாரும் நிரூபிக்கச் சொல்ல முடியாது. இத்தகைய வழக்குகளில் குடும்ப நீதிமன்றத்தில் அவரே எழுந்து உங்களைக் குறுக்கு விசாரணை செய்வதையும் அதே சட்டம் தடுத்தது. வருடக்கணக்கில் வீட்டில் நடந்த விசாரணையை நீதிபதி முன்னால் இன்னொருமுறை நடத்த அனுமதித்தது எவ்வளவு பெரிய கொடுமை! 2022-ல் அந்தத் தடை நடைமுறைக்கு வரும் வரை அது சட்டப்படி நடந்துகொண்டிருந்தது.

திரையைவிட முக்கியமாக நான் நினைப்பது காத்திருக்கும் இடத்தை. விசாரணை அறைக்குள் காவலர் இருப்பார். வெளியே தாழ்வாரத்தில் ஒரே பெஞ்சு வரிசையில் அவர், அவருடைய அண்ணன், அம்மா எல்லோரும் உட்கார்ந்து உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். புகாரைக் கைவிட வைப்பதற்கு அந்த ஒரு மணி நேரமே போதும். ஒழுங்காக நடக்கும் சிறப்பு நீதிமன்றத்தில் தனி வாசல், தனிக் காத்திருப்பு அறை, தனிக் கழிப்பறை இருக்கும். முதலில் உங்களை அனுப்பிவிட்டுச் சிறிது நேரம் கழித்து அவரை விடுவார்கள். வழக்குக்கு முன்பே ஒருநாள் போய் இடத்தைப் பார்த்து வர முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் அனுமதிப்பார்கள்.

அவர் என்னை அடித்ததே இல்லை. வழக்கு நிற்குமா?

நிற்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 முதல், துணையைத் தொடர்ந்து கட்டுப்படுத்தி அடக்கி வைப்பதே குற்றம், அடி விழாவிட்டாலும். ஸ்காட்லாந்தில் 2019-ல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் இதற்கு 14 ஆண்டுகள் வரை தண்டனை உண்டு. இந்தியச் சட்டமும் மனரீதியான, வாய்மொழியான, பொருளாதாரக் கொடுமையைக் குடும்ப வன்முறையின் விளக்கத்துக்குள் சேர்த்திருக்கிறது. ஆதாரம் என்பது காயம் மட்டுமல்ல. கடைக்குப் போன செலவுக்குக் காசு காசாகக் கணக்குக் கேட்ட குறுஞ்செய்திகள், ஒரே மாலையில் வந்த நாற்பது மிஸ்டு கால்கள், சம்பளம் முழுவதும் அவர் கணக்குக்குப் போனதைக் காட்டும் வங்கி அறிக்கை, எல்லாம் ஆதாரமே.

பயத்தில் புகாரை வாபஸ் வாங்கிவிட்டேன். எல்லாம் முடிந்துவிட்டதா?

இல்லை. குற்ற வழக்கை நடத்துவது அரசு, அதனால் தொடர்வதா விடுவதா என்று அரசுத் தரப்பு தீர்மானிக்கும். அவசர அழைப்பின் ஒலிப்பதிவு, போலீசார் உடலில் மாட்டியிருக்கும் கேமராவின் பதிவு, மருத்துவச் சான்று, பக்கத்து வீட்டுச் சாட்சி ஆகியவற்றை வைத்து உங்கள் சாட்சியம் இல்லாமலே வழக்கை நடத்துவது பல சிறப்பு நீதிமன்றங்களில் பழக்கம். இதில் எனக்கு ஒரு கவலையும் உண்டு. பாதிக்கப்பட்டவர் என்ன சொன்னாலும் வழக்கைக் கைவிடுவதில்லை என்ற கொள்கையை அமெரிக்காவின் சில பகுதிகள் கறாராகப் பின்பற்றியபோது, அடுத்தமுறை போலீசைக் கூப்பிடவே பெண்கள் தயங்குவார்கள் என்ற விமர்சனம் எழுந்தது. அது நியாயமான விமர்சனம். ஏன் பின்வாங்குகிறாய் என்று அதட்டுவதைவிட, மிரட்டல் வந்ததா, வீட்டு வாடகைக்கு வழியில்லையா என்று தனியாக உட்காரவைத்துக் கேட்பதே சரியான முறை. பிறழ்சாட்சி ஆனவள் பொய்யானவள் என்று நினைப்பவர் நீதிபதி நாற்காலியில் உட்காரக் கூடாது.

அவரும் என் மேல் புகார் கொடுத்திருக்கிறார். நான் அவர் கையைக் கடித்தது உண்மை.

அதை மறைக்காதீர்கள், உங்கள் வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பயிற்சி பெற்ற போலீசாரும் நீதிபதியும் யார் யாருக்குப் பயந்து வாழ்கிறார்கள், யார் காயம் தற்காப்பில் உண்டானது என்று பார்ப்பார்கள். முன்கையில் கடித்த தடம், பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்தவரிடம் இருக்கக்கூடும்.

தண்டிக்கிறார்களா, திருத்த அனுப்புகிறார்களா?

இரண்டும் நடக்கும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் குற்றவாளிகளை வன்முறைத் தடுப்புப் பயிற்சி வகுப்புகளுக்கு நீதிமன்றம் அனுப்புகிறது. அதே நாட்டின் யூகான் பகுதியில் 2000 முதல், குற்றத்தை ஒப்புக்கொண்டவர் சிகிச்சைத் திட்டத்தை முடித்த பிறகு தண்டனை அறிவிக்கும் முறை இருக்கிறது, இடையிடையே நீதிபதி முன் வந்து நிற்க வேண்டும். எனக்கு நம்பிக்கை தருவது வகுப்பைவிட அந்த நிற்பதுதான். யாரோ கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிகிறது. கோபத்தைக் கட்டுப்படுத்தும் வகுப்பு இதற்கு மாற்று ஆகாது. முதலாளியிடம் கோபத்தை அடக்கத் தெரிந்தவருக்கு மனைவியிடம் மட்டும் தெரியவில்லை என்றால், அது கோபத்தின் பிரச்சினை அல்ல.

"இருவரும் உட்கார்ந்து பேசிச் சமாதானமாகப் போங்கள்" என்று யாராவது சொன்னால், அந்த அறையில் நீங்கள் பயமில்லாமல் பேச முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் மறுத்துவிடுங்கள்.

ஆண்கள் இங்கே வழக்குப் போடலாமா?

இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் போடலாம். ஸ்பெயினின் சிறப்பு நீதிமன்றங்களும் இந்தியாவின் 2005-ம் ஆண்டுச் சட்டமும் பெண்களின் புகார்களுக்கு மட்டுமானவை. அங்கே ஆண்கள் பொதுக் குற்றவியல் சட்டத்தை நாட வேண்டும்.

எனக்கு அந்த ஊர் மொழி தெரியாது. விசாவும் அவர் கையில்தான் இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று புகார் கொடுக்கும்போதே கேளுங்கள். உறவினரையோ, பிள்ளையையோ மொழிபெயர்க்க விடாதீர்கள். தன் அம்மாவுக்கு நேர்ந்ததைப் பத்து வயதுப் பிள்ளை வாயால் சொல்ல வைக்கக் கூடாது. மொழிபெயர்ப்பவர் உங்கள் ஊர்ச் சங்கத்தில் அவருக்குத் தெரிந்தவராக இருந்தால் மாற்றச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

"புகார் கொடுத்தால் உன்னை நாடு கடத்திவிடுவார்கள்" என்பது மிகப் பழைய மிரட்டல். அமெரிக்காவில் குடிமகன் அல்லது நிரந்தர வசிப்பாளரின் மனைவி, கொடுமைக்கு ஆளானால், கணவனுக்குத் தெரியாமலேயே தனக்கான குடியேற்ற மனுவைத் தானே போடலாம். 1994-ல் வந்த சட்டம் அது. பிரிட்டனிலும் கணவனின் விசாவைச் சார்ந்து வந்தவர்களுக்குத் தனி வழி இருக்கிறது. குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலைப் பாருங்கள், வீட்டை விட்டு வெளியேறுவதற்கு முன்பே பார்த்தால் இன்னும் நல்லது.

இந்த நீதிமன்றங்கள் உண்மையிலேயே உதவுகின்றனவா?

நன்றாக நடக்கும் இடத்தில் உதவுகின்றன. ஊருக்கு ஊர் தரம் மாறுகிறது என்பதுதான் வேதனை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 100-க்கும் மேல் பெருகிய பிறகு, பல மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களே மூடப்பட்டதில் சில இடங்களில் இந்த ஏற்பாடும் கலைந்தது. ஒரே துணையாளர் தலையில் தாங்க முடியாத அளவு வழக்குகளைக் கட்டினால், அவர் அழைப்பு வெறும் சடங்காகிவிடும். பட்ஜெட் குறையும்போது முதலில் வெட்டு விழுவதும் அந்தப் பதவிக்குத்தான். நீதிபதியின் பதவி அப்படியே இருக்கும், பெயர்ப்பலகையும் இருக்கும். துணையாளருக்கு நிதி ஒதுக்காமல் சிறப்பு நீதிமன்றம் திறப்பதாக எந்த அரசு அறிவித்தாலும் அதைக் கேள்வி கேட்க வேண்டும்.

விசாரணை முடிந்து வெளியே வரும் முன் என்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?

அடுத்த வாய்தா எந்தத் தேதி. இன்று ஜாமீன் நிபந்தனை ஏதாவது மாறியதா, மாறியிருந்தால் அது எழுத்தில் எங்கே. அவர் விடுதலையானாலோ ஜாமீனில் வந்தாலோ உங்களுக்கு முன்கூட்டியே யார் தகவல் சொல்வார்கள், எந்த எண்ணுக்கு. பாதுகாப்பு ஆணையின் சான்றிட்ட நகல் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றைப் பிள்ளையின் பள்ளியில் கொடுங்கள், இன்னொன்று எப்போதும் உங்கள் பையில் இருக்கட்டும், அதன் படத்தை நம்பகமான ஒருவரின் போனுக்கு அனுப்பிவையுங்கள். உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கு ஆணை போய்ச் சேர்ந்துவிட்டதா என்று அன்று மாலையே போன் செய்து கேளுங்கள்.